மதமதப்பு

விழுந்ததும் சுகிர்தத்துக்கு முதலில் வந்த நினைப்பு, அடுப்பை அணைத்தோமா என்பதுதான். அணைத்தாயிற்று. பாலை இறக்கி மூடிவிட்டுத்தான் இந்த அறைக்கு வந்தாள். அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம் இருந்தது. அதற்குப் பிறகுதான், தான் தரையில் உட்கார்ந்த மாதிரிக் கிடப்பதும், முதுகு கட்டில் சட்டத்தில் சாய்ந்திருப்பதும், முழங்காலுக்குக் கீழே தன் இரண்டு கால்களின்மேலும் குறுக்கே மாஸ்டர் கிடப்பதும் ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கின. சக்கர நாற்காலி தானாக உருண்டுபோய் பீரோவில் முட்டி நின்றது. பிரேக் போட்டாளா? போட்டதாகத்தான் ஞாபகம். ஆனால் இப்போதெல்லாம் விரல் ஒரு காரியத்தைச் செய்ததா இல்லையா என்று விரலைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிவதில்லை, கண்ணால் பார்த்தால்தான் உண்டு. “ஏட்டி,” என்றார் மாஸ்டர். அவர் முகம் தரைப் பக்கம் இருந்தது, இடது கண் மட்டும் மேலே திரும்பி அவளைப் பார்த்தது. “ஏட்டி, மூதி.” அவருக்கு அடி ஒன்றும் இல்லை. அவள்மேல்தானே விழுந்திருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனபோது, அவள் புருஷன் ஞானசிகாமணி மாஸ்டரிடம் அது விட்டுவைத்த வார்த்தைகள் கொஞ்சம்தான். தண்ணீர் என்று சொல்ல வராது. மகன் பேர் வராது. சுகிர்தம் என்றும் வராது, அது முன்னேயும் அதிகம் வந்ததில்லை. ஆனால் ஏட்டி வரும், மூதி வரும், சவம் வரும், பள்ளிக்கூட மைதானத்தில் காலமெல்லாம் கத்திய அட்டேன்ஷனும் ஒன் டூ த்ரீயும் வரும். அதெல்லாம் மூளையில வேற இடத்துல பதிஞ்சு கிடக்கும்மா, திட்டும் எண்ணிக்கையும் பாட்டும் அவ்வளவு லேசுல போகாது என்று அப்போது பார்த்த டாக்டர் சொன்னார். அப்படியென்றால் நல்ல வார்த்தை எல்லாம் மேலாப்பிலேயே கிடந்திருக்கிறது, ஒரு காற்றுக்குப் பறந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது எண்ணுவது அவர், தூக்குவது அவள். இன்றைக்கும் அப்படித்தான். அவருடைய இரண்டு அக்குளுக்குள்ளும் கையைக் கொடுத்து முதுகுக்குப் பின்னால் விரல்களைக் கோத்து, தன் முழங்காலை அவர் முழங்கால்களுக்கு நடுவில் முட்டுக் கொடுத்து நின்றாள். அவர் ஒன் என்றார், டூ என்றார். த்ரீ என்றபோது அவள் எழுப்பினாள், அவர் எழுந்தார், பாதி திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய செருப்பு சரியாக மாட்டியிருக்கிறதா என்று அவள் குனிந்து பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். கழுத்தை மடக்கிய அந்தக் கணத்தில் பிடரியிலிருந்து முதுகுத்தண்டு வழியாக இடுப்புக்கும், அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து தொடைகளுக்கும் கரண்டு இறங்கியது. புதுசு இல்லை, சில மாதமாகவே குனிந்தால் இறங்குவதுதான், ஆனால் இதுவரை கையில் ஒன்றும் இல்லாதபோது இறங்கியிருக்கிறது. கோத்த விரல்கள் எப்போது பிரிந்தன என்று அவளுக்குத் தெரியாது. அவர் முதுகு விலகிப் போவதைக் கண்ணால்தான் பார்த்தாள். கனமான பொருள் ஏதாச்சும் வீட்டுல தூக்குவியளாம்மா என்று வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில் அந்தத் தண்டுவட டாக்டர் கேட்டது ஞாபகம் வந்தது. மகன் வயசுதான் இருக்கும், கண்ணாடி போட்ட பையன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, கனமான பொருள்னு ஒண்ணும் தூக்குறது இல்ல டாக்டர் என்று சொன்னாள். பொய் சொல்லவில்லை. சிலிண்டரைக் கேஸ்காரப் பையனே உள்ளே கொண்டுவந்து வைத்துவிடுகிறான், அரிசிச் சிப்பத்தைப் பக்கத்து வீட்டு ரஹ்மத்தின் புருஷன் காஜா தூக்கிப் போடுகிறார். எண்பது கிலோ மாஸ்டரை யாராவது பொருள் என்பார்களா?

அந்த டாக்டர் நல்லவர்தான், பொறுமையாகத்தான் பார்த்தார். ஜாக்கெட் கொக்கியைப் போட்டுக் காட்டச் சொன்னார், அவள் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோட்டின்மேல் நடப்பதுபோல் நடக்கச் சொன்னார். அவள் இரண்டு அடியில் சாய்ந்து மேசையைப் பிடித்தாள். முழங்காலில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினார், கால் உதைத்த உதையில் அவர் கண்ணாடி பிழைத்ததே பெரிது. குண்டூசியால் விரல்நுனிகளைத் தொட்டுக்கொண்டே போய், தெரியுதா, இது தெரியுதா என்றார். தெரியுது, என்னமோ கையுறை போட்டுக்கிட்டு தொடுற மாதிரி தெரியுது. முதலில் எறும்புதான் வந்தது. இரண்டு கையிலும் சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து மணிக்கட்டு வரை ஊரும், உதறினால் போகும். வயசுக்கு எல்லோருக்கும் வருவதுதான் என்று இருந்தாள். அப்புறம் உதறினாலும் போகவில்லை. அப்புறம் எறும்பு போய் மதமதப்பு வந்தது. ரஹ்மத்தின் மகளுக்குப் பாவாடைக் கரை தைத்துக்கொண்டிருந்தபோது வெள்ளைத் துணியில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக விழ, இது என்ன சாயம் போகிறதே என்று பார்த்தால் ஊசி அவள் விரலுக்குள் நின்றது. செருப்பு ஒரு காலில் கழன்று கோயில் வாசலில் கிடக்க, வீடு வரை வெறுங்காலோடு வந்து, வாசற்படியில் கால் கழுவும்போதுதான் தெரிந்தது. டாக்டர் சொன்னார், “கழுத்து எலும்புக்கு நடுவுல உள்ள ஜவ்வு பின்னால பிதுங்கி தண்டுவடத்தை அமுக்குதும்மா. மூளையிலருந்து கைக்கும் காலுக்கும் போற ஒயரெல்லாம் அது வழியாத்தான் போவுது. அமுக்குனா முதல்ல கூசும், அப்புறம் மரத்துப்போகும், அப்புறம் பலம் போகும். இப்பவே நாள் கடத்திட்டிய. ஆபரேஷன்தான். அதுவரைக்கும் விழுந்திராதிய. ஒரு தடவ விழுந்தா போதும், கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லாமப் போயிரலாம்.” விழுந்திராதிய. அவள் தலையை ஆட்டினாள். ஆட்டும்போதும் கரண்டு இறங்கியது.

விழுந்தாயிற்று. கால் இருக்கிறதா? இருக்கிறது, பார்க்க முடிகிறது, மாஸ்டரின் விலாவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பாதங்களும் நீட்டிக்கொண்டிருக்கின்றன, வெடிப்பு விழுந்த குதிகால், கட்டைவிரல் நகத்தில் போன மாதம் சொம்பு விழுந்து கறுத்த இடம். வேறு யாருடைய பாதமோ வண்டியில் ஏற்றிப் போகும்போது வெளியே தெரிகிற மாதிரி இருந்தது. அசை என்று சொன்னாள். கட்டைவிரல் அசைந்த மாதிரியும் இருந்தது, மின்விசிறிக் காற்றில் சேலைக்கரை அசைந்த நிழல் மாதிரியும் இருந்தது. மறுபடியும் சொன்னாள். ஒன்றும் இல்லை. முழங்காலுக்குக் கீழே ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது. உடனே மனசு ஒரு நியாயம் கண்டுபிடித்தது. இது கழுத்தால் வந்தது இல்லை, மாஸ்டரின் கனத்தால் வந்தது, எண்பது கிலோ மேலே கிடந்தால் யாருக்கும் மரத்துத்தான் போகும், சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் போகிற மாதிரி. அவர் விலகியதும் எறும்பு வரும், ஊரும், குத்தும், அப்புறம் சரியாகிவிடும். வராவிட்டால்? அவரைத் தள்ளிப் பார்த்தாள். உள்ளங்கை அவர் தோளில் வழுக்கியது, பிடி நிற்கவில்லை, கட்டிய துணிமூட்டையைக் கையுறையோடு தள்ளுகிற மாதிரி. அவரும் இடது கையை ஊன்றி ஒரு தடவை எக்கினார், முனகினார், திரும்ப விழுந்தார். அப்போது அவள் மனசுக்குள் ஒன்று நடந்தது, அதை அவள் பார்த்தாள். அவர் எழவில்லை என்றதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அவர் மேலே கிடக்கும் வரை மரத்துப்போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விலகிவிட்டால் எறும்பு வர வேண்டும். இவ்வளவு மாதமாக எந்த எறும்பை ராத்திரியும் பகலும் சபித்தாளோ, அதை, கர்த்தாவே, ஒரு சுண்டுவிரலிலாவது கொடும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

செல்போன் அடித்தது. அடுப்படி ஜன்னலில் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். மகன் ஜெபஸ்டின்தான், இந்நேரம் அவன்தான் கூப்பிடுவான், ஓசூரில் கம்பெனிக்குப் பஸ் ஏறியதும் கூப்பிட்டு, சாப்பிட்டியாம்மா, அப்பா எப்படி இருக்கா என்று கேட்டு, அவள் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விடும். அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை அடிப்பான் என்று காத்திருந்தாள். அடிக்கவில்லை. அம்மா குளிக்கிறாள் என்று நினைத்திருப்பான். அம்மா எப்போதும் குளித்துக்கொண்டோ சமைத்துக்கொண்டோ அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டோ இருப்பாள், விழுந்து கிடக்க மாட்டாள். ஆபரேஷன் என்று சொன்னபோது அவன், “மார்ச் முடியட்டும்மா, இப்ப லீவு கேட்க முடியாது. அதுவர கவனமா இரி. அப்பாவ யாரு பாத்துக்கிடுவா, அதையும் யோசிக்கணும்லா,” என்றான். கவனமாக இரு. டாக்டரும் அதைத்தான் சொன்னார். எல்லோரும் அவளுக்குக் கொடுப்பது கவனம் ஒன்றுதான். ஒரு ஆளை வைக்கவும் செய்தான் அவன், குறை சொல்லக்கூடாது, தென்காசிப் பக்கத்துப் பையன், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன், நல்ல தோள். இரண்டாம் நாள் காலையில் வேட்டி மாற்றப் போனவனின் முகத்தில் மாஸ்டர் காப்பியைத் துப்பினார். மூன்றாம் நாள் இடது கையால் அறைந்தார். இடது கை நன்றாக இருக்கிறது, வலது கைக்கும் சேர்த்துப் பலம் வந்த மாதிரி. பையன் போகும்போது, “உங்களத் தவிர யாரும் தொடக்கூடாதாம்மா அவருக்கு. உங்க மேல அவ்வளவு பிரியம்,” என்று சொல்லிவிட்டுப் போனான். பிரியம். பழைய மாணவர்கள் வரும்போதும் அப்படித்தான் சொல்வார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்து நாற்காலியின் பக்கத்தில் மண்டியிட்டு, எங்க மாஸ்டர் சிங்கம்லா என்பார்கள், எங்களுக்கெல்லாம் முதுகு நேரா நிக்குதுன்னா அது மாஸ்டர் போட்ட பிச்சை என்பார்கள். அவர்களில் ஒருவனுக்கு அவளைப் பார்த்து உங்க முதுகு எப்படி இருக்கும்மா என்று கேட்கத் தோன்றியதில்லை.

முதுகை நேராக வை. கல்யாணமான புதுசில் அவர் அவளிடம் பேசியதில் பாதி அதுதான். நிற்கும்போது வயிற்றை உள்ளே இழு, நடக்கும்போது காலைத் தேய்க்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பில் உப்புக் கூடிவிட்டது. தட்டை அவர் தள்ளவில்லை, கத்தவில்லை, அமைதியாக எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, தோப்புக்கரணம் போடு என்றார். அவள் சிரித்தாள், வேடிக்கை என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. பத்தாவது படிக்கிற பையன்களே போடுதானுவ, உனக்கென்ன. போட்டாள். அடுப்படியில், கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, காதைப் பிடித்துக்கொண்டு. அதன் பிறகு அது அந்த வீட்டு வழக்கமாகிவிட்டது, பால் பொங்கினால், சட்டையில் இஸ்திரிக் கறை பட்டால், கோயிலில் யாரோடாவது அதிகம் பேசினால். அடிக்கவில்லையே. அம்மாவிடம் அழுதபோது அம்மாவும் அதைத்தான் சொன்னாள், அடிக்கலைலா, உடம்புக்கு நல்லதுதானே. ஜெபஸ்டினுக்கு மூன்று வயசு இருக்கும், எண்ண அப்போதுதான் படித்திருந்தான். அடுப்படி வாசலில் நின்று அவள் குனிந்து எழும்போதெல்லாம் கை தட்டி எண்ணினான். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான். பதினொன்றுக்குப் பிறகு அவனுக்குத் தெரியாது, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான், அதனால் அது முடியவே இல்லை. குழந்தை அவ்வளவு சந்தோஷமாக எண்ணுகிறதே என்று அவளும் சிரித்துக்கொண்டே போட்டாள். அதைத்தான் அவளால் இன்றைக்கும் செரிக்க முடியவில்லை. போட்டதை இல்லை, சிரித்ததை. அவனுக்கு இது ஞாபகம் இருக்குமா? இருக்காது. இருந்தாலும் அம்மாவும் அப்பாவும் விளையாடிய ஞாபகமாகத்தான் இருக்கும். அந்தக் குனிவும் நிமிர்வும்தான் கழுத்தைத் தேய்த்ததா, அதன் பிறகு சுமந்த குடங்களா, இந்த ஆறு வருஷமா, எதனாலம்மான்னு சொல்ல முடியாது, வயசும் ஒரு காரணம் என்றார் டாக்டர். யார் மேலும் குற்றம் இல்லை. ஜவ்வு தானாகப் பிதுங்கிவிட்டது.

மாஸ்டர் முனகினார். முனகலில் ஒரு வித்தியாசம் இருந்தது, அவளுக்குத் தெரியும், குழந்தையின் சிணுங்கல் தாய்க்குத் தெரிகிற மாதிரி அவருடைய ஒவ்வொரு முனகலும் தெரியும். நாற்காலிக்கு மாற்றியதும் கழிவறைக்குத்தான் தள்ளிப்போவாள். இப்போது நேரம் தாண்டிவிட்டது. “இருங்க, கொஞ்சம் பொறுங்க, யாராச்சும் வருவாவ,” என்றாள். பொறுக்க முடியவில்லை அவரால். அவருடைய வேட்டி இருண்டது, அவளுடைய சேலை இருண்டது, முழங்காலிலிருந்து கரண்டைக்கால் வரை மெல்லப் பரவியது, ஒரு பாதத்தின் ஓரமாக வழிந்து சிமெண்டுத் தரையில் ஓடியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாடை வந்தது. வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். தினமும் கையில் படுவதுதானே, எப்படி இருக்கும் என்று தெரியும். வெதுவெதுப்பாக இல்லை. ஈரமாகவும் இல்லை. வேறு யாருடைய காலிலோ ஊற்றுகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது, இவ்வளவு நேரம் வந்தது எல்லாம் பயம் இல்லை, அதற்குப் பக்கத்து வீடு. இப்படியே போய்விட்டால் இந்தக் கட்டிலில் யார் படுப்பது? அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று ஜெபஸ்டின் இரண்டு கட்டில் வாங்கிப் போடுவான், ஒரே அறையில், எதிர் எதிரே. அவர் எண்ணிக்கொண்டு கிடப்பார். அவள் கேட்டுக்கொண்டு கிடப்பாள். காதுக்கு மரத்துப்போகிற வியாதி எதுவும் உண்டா என்று அந்த டாக்டரிடம் கேட்டிருக்கலாம். மாஸ்டர் அழுதார். வெட்கத்தால் அழுதாரா, எரிச்சலால் அழுதாரா, அந்த வாயின் வலது பாதி இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் கோணும். அவர் தலையைத் தடவிக்கொடுக்கக் கை போனது, பழக்கம், ஆறு வருஷத்துப் பழக்கம். பாதியில் அவள் அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளிச்சம் குறைந்தது. ஜன்னலுக்கு வெளியே முருங்கை இலை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது, மண்வாசனை, பிறகு தகரத்தில் இரண்டு மூன்று துளி. கொடியில் காலையில் போட்ட துணி கிடக்கிறது. அதையும் அவள்தான் நினைத்தாள், இந்த நிலையிலும். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம். “அக்கா, ஏ அக்கா, துணி நனையுது பாருங்க!” ரஹ்மத்தின் குரல். சுகிர்தம் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை என்று சொல்ல முடியாது, அவள் விடவில்லை. கூப்பிட்டால் அவள் வருவாள், காஜா வருவார், மாஸ்டரைத் தூக்குவார்கள், கால் தெரிந்துவிடும். இன்னும் கொஞ்ச நேரம். தெரியாமல் இருக்கிற இந்தக் கொஞ்ச நேரத்தையாவது அவளுக்கென்று வைத்துக்கொள்ளக்கூடாதா? மாஸ்டரும் கேட்டுவிட்டார். தலையைத் தூக்கினார், மூச்சை இழுத்தார், மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கிற குரல் அது. அட்டேன் என்று ஆரம்பித்தார். அவள் முன்னால் சாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். எப்படிச் சாய்ந்தாள், எப்போது கை போனது, ஒன்றும் தெரியாது. கல்யாணமாகி இந்த முப்பத்தாறு வருஷத்தில் அவர் பேச்சை அவள் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. அவர் கண் உருண்டது. மூச்சு கையில் பட்டிருக்க வேண்டும், உதடு பட்டிருக்க வேண்டும், எச்சில் பட்டிருக்க வேண்டும். அவளுக்குத் தன் கை ஒரு சுவர்மேல் கிடப்பது போலத்தான் இருந்தது. “ஒரு நிமிஷம்,” என்றாள், “ஒரே ஒரு நிமிஷம் சும்மா இருங்க.” அவர் தலையை உதறினார். பிறகு அவருடைய தாடை அசைவதைப் பார்த்தாள், எதையோ மெல்லுகிற மாதிரி. அவர் மோவாயில் ரத்தம் இறங்கியது. ஐயோ, நாக்கைக் கடித்துக்கொண்டாரே என்று பதறிக் கையை எடுக்கப் பார்த்தாள், கை வரவில்லை. அவர் கடித்துக்கொண்டிருந்தது அவளுடைய விரலை. நடுவிரலும் மோதிர விரலும் அவர் பல்லுக்குள் இருந்தன. பலங்கொண்ட மட்டும் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது, கண் அவளையே பார்த்தது, எப்போது கத்துவாள் என்று பார்த்தது. அவள் கத்தவில்லை. வலிக்கவில்லை. அவர் முகத்தில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பி, வேறு ஒன்றாக மாறியது. அவர் கடிக்கிறார், அவளுக்கு ஒன்றுமில்லை. இது எப்போது நடந்தது, தனக்குத் தெரியாமல் இவளுக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பல் தானாக விலகியது. அவள் விரலை வெளியே எடுத்துப் பார்த்தாள். நன்றாக ஆழமாகவே இறங்கியிருக்கிறது. “டாக்டர் சொன்னாரு,” என்று அவரிடம் சொன்னாள், ஏதோ கேள்விக்குப் பதில் போல, “உங்ககிட்ட நான்தான் சொல்லலை. எனக்குத் தண்டுவடம் அமுங்கிப்போச்சு. கையில உணர்ச்சி இல்ல.” அப்புறம் தலையை நிமிர்த்தாமல், கழுத்தை அசைக்காமல், “ரஹ்மத்து!” என்று கூப்பிட்டாள். “ரஹ்மத்து, பின்வாசல் திறந்துதான் கிடக்கு. காஜாவையும் கூட்டிட்டு வா.”

வந்தார்கள். யா அல்லா என்று ரஹ்மத் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள், காஜா இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டினார். மாஸ்டர் இடது கையைத் தூக்கி விரலை நீட்டி அவளைக் காட்டினார். உதடு கோணிக் கோணி என்னத்தையோ தேடியது. ஆறு வருஷமாக வராத ஒரு வார்த்தை வந்தது. “தள்ளுனா.” ரஹ்மத் அவளைப் பார்த்தாள், மாஸ்டரின் மோவாயில் ரத்தத்தைப் பார்த்தாள், அவளுடைய விரலைப் பார்த்தாள். காஜா யாரையும் பார்க்கவில்லை. தள்ளவில்லை என்று சொல்ல வேண்டும் என்று சுகிர்தத்துக்குத் தோன்றியது, பிறகு அது எதற்கு என்று தோன்றியது. புதுசாக ஒரு வார்த்தை வந்திருக்கிறது, வைத்துக்கொள்ளட்டும். காஜா மாஸ்டரின் முதுகுப் பக்கம் வந்து அக்குளில் கை கொடுத்து இழுத்தார். கனம் விலகியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. கர்த்தாவே என்றுகூடச் சொல்ல வரவில்லை. அப்புறம் இடது காலில், எங்கோ கிணற்றுக்குள் ஒரு துளி விழுந்த மாதிரி, குளிர்ந்தது. நனைந்த சேலையின் குளிர். பிறகு சுரீரென்று பாதத்தில் ஒரு குத்து, இன்னொரு குத்து, ஆயிரம் எறும்பு ஒன்றாக வாய் வைத்த மாதிரி கெண்டைக்கால் முழுக்க, வலது காலிலும் கொஞ்சம் தாமதித்து, குறைவாக, ஆனால் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலைப் பார்த்தாள். அசை என்றாள். அசைந்தது. இரண்டும் அசைந்தன. கன்னத்தில் கண்ணீர் ஓடுவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, முகத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. “அக்கா, எந்திரிக்க முடியுதுலா?” என்றார் காஜா, மூச்சு வாங்க. மாஸ்டரை அரைவாசி தூக்கிப் பிடித்திருந்தார், வேட்டி அவிழ்ந்து தொங்கியது, ரஹ்மத் தயங்கிச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். “கட்டில்ல போட்டுருவோம். நீங்க காலை மட்டும் கொஞ்சம் பிடிங்க. நீங்கன்னாத்தான் சாரு திமிற மாட்டாவ.”

காலை மட்டும். முட்டுக் கொடுத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்துவிடலாம், அவளுக்குத் தெரியும். எழுந்தால் பிடித்துவிடலாம். பிடித்தால் போட்டுவிடலாம். போட்டதும் துணி மாற்றலாம், தரையைத் துடைக்கலாம், பாலைச் சூடுபண்ணிக் காப்பி போடலாம், விரலில் மஞ்சள்பொடி அப்பிக் கட்டிக்கொண்டு மத்தியானத்துக்குக் குழம்பு வைக்கலாம், மார்ச் வரை கவனமாக இருக்கலாம். “என்னால முடியாது காஜா.” “கொஞ்சந்தாங்க்கா. ஒரு கை வச்சாப் போதும். முடியலையா, வலிக்குதா?” அவள் காஜாவின் முகத்தைப் பார்த்தாள், நல்ல மனுஷன், நல்ல மனுஷர்களுக்குத்தான் இதெல்லாம் எவ்வளவு லேசாகக் கேட்க வருகிறது. “முடியும்னே வச்சுக்கிடுங்க,” என்றாள். “மாட்டேன்.” மழை பிடித்துக்கொண்டது. ரஹ்மத்தான் முதலில் அசைந்தாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மாஸ்டரின் கால்களைப் பிடித்தாள். அவர் திமிறினார், கத்தினார், இடது கையை வீசினார், அது காஜாவின் காதில் பட்டது, ஆனாலும் கட்டிலில் போட்டார்கள். ரஹ்மத் திரும்பி அவளைத் தூக்கக் கையை நீட்டினாள். “தொடாத. கழுத்து அசையக்கூடாது. நூத்தியெட்டுக்குப் போன் போடு. கழுத்து எலும்பு, விழுந்துட்டாங்கன்னு சொல்லு, அவங்க பலகையோட வருவாங்க.” “சாருக்கா?” “எனக்கு.” ரஹ்மத் போனை எடுத்தாள், எண்ணை அழுத்தவில்லை. கட்டிலைப் பார்த்தாள், காஜாவைப் பார்த்தாள், கடைசியில் குனிந்து, பக்கத்தில் மாஸ்டர் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலத் தாழ்ந்த குரலில், “அப்போ சாரை யாரு பாத்துக்கிடுவா, அக்கா?” என்றாள்.

அந்தக் கேள்வியை அவளிடம் கேட்காதவர்கள் கிடையாது, அதற்குப் பதிலாகத்தான் அவள் இந்த ஆறு வருஷமும் நடமாடிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் எல்லோரும் அவள் வாயைத்தான் பார்த்தார்கள், மாஸ்டர் உட்பட. கால் முழுக்க இன்னும் குத்திக்கொண்டிருந்தது. நன்றாகக் குத்தட்டும். “தெரியல,” என்றாள் சுகிர்தம். “நீ போனைப் போடு.”